முப்பதாவது சதுரம்

மார்ச் 4

தம்பிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. கண்காட்சித் திறப்பு விழாவிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன் என்று நீ கோபித்துக்கொண்டதாக உன் அத்தான் சொன்னார். கோபித்துக்கொள். உன் போனையும் இனி எடுப்பதாக இல்லை. நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் "சரிக்கா, சரிக்கா" என்று வழுக்கிக்கொண்டு போய்விடுகிறாய். கையால் எழுது. எழுத்தில் வழுக்க முடியாது.

நடந்ததை வரிசையாக வைக்கிறேன். என் வீட்டுச் சுவரில் நீர் கசிந்து, நான் வரைந்த படங்களில் பதினோரு தாள்கள் பாழானபோது நீதான் வந்து, "மிச்சம் இருக்கிற அறுபத்து நாலையும் பிளாக்செயின்ல டோக்கனா போட்டுடலாம்க்கா, அப்புறம் தண்ணியும் தீயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாய். டோக்கன் என்றால் வங்கியில் வரிசைக்குத் தருவது என்றுதான் எனக்குத் தெரியும். படத்தைப் படமாகப் போடப் போவதில்லை, அதை வரைகிற விதியையே போடப் போகிறோம், உலகத்தில் எவர் எப்போது திறந்தாலும் அந்த விதி தானே படத்தை வரைந்து காட்டும் என்று நீ சொன்ன பிறகுதான் தலையாட்டினேன். முப்பத்தொரு வருஷம் பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்தியவளுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தாள் அழுக்காகும், விதி அழுக்காகாது.

காட்சிக்கூடத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். முப்பத்தொன்பதாவது படமான 'கால் சுற்று' அந்த மூன்று மீட்டர் திரையில் நின்றது. நான் விளக்கினேன். ஒரு சதுரம். ஒவ்வொரு பக்கத்திலும் மூலையிலிருந்து இருபதில் ஒரு பங்கு தள்ளிப் புள்ளி வைத்து, நாலு புள்ளிகளையும் சேர்த்தால், உள்ளே சற்றே திரும்பிய சதுரம் கிடைக்கும். அதற்குள் அதேபோல் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. ஒவ்வொன்றும் மூன்று டிகிரி திரும்பும். இப்படி உள்ளே விழும் முப்பதாவது சதுரம் தொண்ணூறு டிகிரி திரும்பி, வெளிச்சதுரத்தைப் போலவே நேராக நிற்கும் என்று முடித்தேன்.

திரைக்கு மரச்சட்டம் அடித்த தச்சர் பின்வரிசையில் நின்றிருந்தார். "நேரா நிக்கலையேம்மா" என்றார்.

"நல்லா பாருங்க" என்றேன்.

"பாத்துட்டுதாம்மா சொல்றேன். சாய்ஞ்சிருக்கு."

கிட்டே போய்ப் பார்த்தேன். உள்சதுரத்தின் பக்கம் நேர்கோடாக இல்லை, மூன்று படி வைத்த படிக்கட்டாக இருந்தது. என் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

என் தாளில் அந்தச் சதுரம் பதினாலு வருஷமாக நேராக நிற்கிறது. நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்?

அக்கா

&nbsp;

மார்ச் 11

அக்கா,

கையால் எழுதி எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கே நினைவில்லை. விரல் வலிக்கிறது. திருப்தியா?

திரையில் கோடு என்று ஒன்று கிடையாது. பொட்டுப் பொட்டாக விளக்குகள்தான் இருக்கின்றன. நிமிர்ந்த கோடு ஒரே வரிசை விளக்குகளில் ஓடிவிடும். இம்மி சாய்ந்தாலும் பாதி வழியில் பக்கத்து வரிசைக்குத் தாவும். நீ பார்த்த படிக்கட்டு அதுதான். திரையைத் தவறாக மாட்டியிருக்கலாம் என்று திங்கட்கிழமை ஏணி வாங்கிப் போட்டு ஏறி அளந்தேன். திரையாகச் சேர்த்து மாட்டிய விளக்குப் பலகைகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. திரை விற்ற கம்பெனிக்கு மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் வேறு வேறு ஆள் எடுத்து, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார்கள். நாலாவது முறை நானே அதைச் சொல்லி வைத்துவிட்டேன்.

நானும் ஒன்று சொல்லவேண்டும். எட்டு மாதம் உன் நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியாக நிரல் எழுதியிருக்கிறேன். அறுபத்து நாலு படம். அறுபது பேர் வந்தார்கள். கூடத்தின் பொறுப்பாளர் உன்னைப் பேட்டி எடுக்க ஆளை நிறுத்தி வைத்திருந்தார். நீ ஒரு படிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மற்ற அறுபத்து மூன்றைப் பற்றி உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நல்லதாகக்கூட வேண்டாம், ஒரு வார்த்தை.

தம்பி

&nbsp;

மார்ச் 17

தம்பிக்கு,

பலகை தள்ளியிருந்தால் வெளிச்சதுரமும் படிக்கட்டாகத் தெரிய வேண்டும். அது வழவழவென்று நிற்கிறது. வெளியே நேர், உள்ளே கோணல். அப்படியானால் பிழை திரையில் இல்லை, வெளியிலிருந்து உள்ளே போகிற வழியில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஏணி எதற்கு? உட்கார்ந்து யோசித்தால் போதும். நீ சின்ன வயசிலும் இப்படித்தான். விடை தப்பாக வந்தால் முதலில் பேனாவைக் குறை சொல்வாய்.

நேற்று காய்கறிக் கடையில் என் பழைய சக ஆசிரியை ஒருத்தி, "உங்க படம் சாய்ஞ்சிடுச்சாமே?" என்று கேட்டாள். சாய்ந்தது படமில்லை, அதைப் போட்டவன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

முப்பத்தொன்பதை உடனே அழித்துவிடு. திருத்தி, என்னிடம் காட்டிவிட்டுப் போடு.

அக்கா

&nbsp;

மார்ச் 29

அக்கா,

அழிக்க முடியாது. இதை உன்னிடம் எத்தனை முறைதான் சொல்வது?

பிளாக்செயின் என்பது ஒரு பெரிய பதிவேடு. அதன் நகல் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவோடு பின்னிக் கிடக்கும். நடுவில் ஒன்றை உருவினால் மற்ற நகல்கள் எல்லாம் ஒத்துக்கொள்ளாது. புதிதாகச் சேர்க்கலாம், பழையதை நீக்க முடியாது. இதைச் சொன்னபோது "ஆகா, இதுதான் வேணும்" என்றாய். பதினோரு தாள் நனைந்துபோன துக்கத்தில் உனக்கு அது இனித்தது. இப்போது அதுவே குற்றமாகிவிட்டது.

எல்லாப் பதிவும் உன் பெயரில், உன் சாவியால் போட்டவை. சாவி என்றால் இரும்பு இல்லை, நீளமான ஒரு ரகசிய எண். கையெழுத்துக்குச் சமம். "எனக்கு எதுக்குடா அது, நீயே வச்சுக்கோ" என்று நீதான் என் கையில் கொடுத்தாய். அதனால் திருத்தம் போடுவதானால் உன் கையெழுத்தோடு புதிய பதிவாகத்தான் போடவேண்டும். பழையது பக்கத்திலேயே இருக்கும்.

நிரலை வரி வரியாக ஏழு முறை பார்த்துவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. தாளை அனுப்பு. பெரிய ஸ்கேனரில் போட்டு நிரல் வரைவதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பேனாவைக் குறை சொல்வேன் என்றாயே, அதற்கும் பதில் இருக்கிறது. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு கணக்குத் தேர்வில் நான் எடுத்தது முப்பத்து நாலரை. மதிப்பெண்களைக் கூட்டிய மேஜையில் உட்கார்ந்திருந்தது நீ. அரை மார்க். ஒரு வருஷம் போயிற்று. நான் அப்போது யாரையும் குறை சொல்லவில்லை. பேனாவைக்கூட.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 6

தம்பிக்கு,

தாளை உருளையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். மடித்தால் கையை ஒடிப்பேன். தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள். ஸ்கேன் செய்த கையோடு திருப்பி அனுப்பு.

முப்பத்து நாலரை முப்பத்தைந்து ஆகாது. அன்றும் ஆகாது, இன்றும் ஆகாது. உனக்கு அரை மார்க் போட்டிருந்தால் அதே வகுப்பில் முப்பத்து நாலு எடுத்தவனின் முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்? இதை நீ முப்பது வருஷம் உள்ளே வைத்திருந்தாய் என்பது எனக்குப் புதிது. வைத்திருந்து இப்போது எடுத்து வீசுவானேன்? நாம் பேசிக்கொண்டிருப்பது சதுரத்தைப் பற்றி.

இங்கே உன் அத்தான், திரையைத் தொடாமல் கூடத்தையே கொஞ்சம் சாய்த்துவிட்டால் என்ன என்று கேட்கிறார். அவருக்கு எல்லாம் வேடிக்கை. நான் ஒரு மாதமாகப் புதுத்தாளில் பென்சில் வைக்கவில்லை. வைத்தால் அந்தச் சிரிப்பு காதில் விழுகிறது.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 27

அக்கா,

நீ சொன்னதுதான் சரி. பிழை என்னுடையது. நிரலில் ஓர் இடத்தில் தசம எண்ணை நாலு இலக்கத்தோடு வெட்டியிருந்தேன். வெட்டியது முப்பது முறை சேர்ந்ததில் கடைசிச் சதுரம் சாய்ந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு.

திருத்திய நிரலைப் புதிய டோக்கனாகப் பதிந்துவிட்டேன். அதில் முப்பதாவது சதுரம் நேராக நிற்கிறது. படிக்கட்டு இல்லை. 'முந்தைய பதிவில் இருந்த பிழை நிரலாளருடையது, ஓவியருடையது அல்ல' என்று குறிப்பும் சேர்த்திருக்கிறேன். கூடத்தில் திரைக்குக் கீழேயும் அதையே அச்சிட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

தாளை இத்துடன் அனுப்புகிறேன். பத்திரமாக எடுத்து வை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

&nbsp;

மே 5

தம்பிக்கு,

தாள் வந்தது, கசங்காமல். உன் கடிதமும் வந்தது. நாலே நாலு இலக்கத்தில் வெட்டிவிட்டு ஏழு முறை பார்த்தும் கண்ணில் படவில்லை என்கிறாய். வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவேனே, இடையில் வெட்டாதே, கடைசியில் வெட்டு என்று. இரண்டு மாதம் என்னை எரிய விட்டிருக்கிறாய்.

சரி, போகட்டும். அந்த அறிவிப்பைப் படம் பிடித்துக் கூடத்துப் பொறுப்பாளர் அத்தானின் போனுக்கு அனுப்பியிருந்தார். படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது. அன்று சாயங்காலமே புதுத்தாளைப் பலகையில் பொருத்தினேன்.

ஒரு குறை. நீ புதிய பதிவில் போட்டிருக்கும் விளக்கம் சப்பென்று இருக்கிறது. முப்பதாவது சதுரம் ஏன் நேராக நிற்கிறது என்பதற்குச் சான்று வேண்டாமா? நானே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புகிறேன். அதையும் பதிந்துவிடு. இனி எந்த நிரலாளனும் சறுக்கக் கூடாது.

மற்ற அறுபத்து மூன்றும் நன்றாக இருந்தன. கேட்டாய் அல்லவா, அதனால் சொல்கிறேன்.

அக்கா

&nbsp;

மே 9

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை.

சான்று எழுத உட்கார்ந்தேன். பக்கத்தை இருபதாகப் பிரித்தால் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் பத்தொன்பது. திரும்பும் கோணத்தின் டேன்ஜென்ட் பத்தொன்பதில் ஒன்று. வகுத்தால் 0.0526. பழைய அட்டவணைப் புத்தகத்தை எடுத்து மூன்று டிகிரிக்கு நேராக விரலை வைத்தேன். 0.0524.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 0.0524தான்.

கோணம் மூன்று டிகிரி இல்லை. மூன்றுக்கு ஒரு துளி மேல். முப்பது முறை திரும்பினால் அந்தத் துளி சேர்ந்து மூன்றில் ஒரு டிகிரிக்கும் மேலே போய்விடுகிறது. சதுரம் நேராக நிற்காது. நிற்கவே நிற்காது. தச்சர் கண்ணால் கண்டது சரி. உன் முதல் நிரல் சரி. நான் பதினாலு வருஷத்துக்கு முன் நோட்டில் 'இருபதில் ஒரு பங்கு, அதாவது மூன்று டிகிரி' என்று எழுதினேன் பார், அந்த 'அதாவது'தான் பிழை. சரிபார்க்கவே இல்லை. மூன்று, முப்பது, தொண்ணூறு என்று எண்கள் அவ்வளவு அழகாக வந்து உட்கார்ந்துவிட்டன.

பிறகு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கடைசி மூன்று சதுரங்களின் மூலைகளில், புள்ளி குறிக்க நான் குத்தும் ஊசித்துளைகள் இரட்டை இரட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்போதுதான் நினைவு வந்தது. பென்சிலில் போட்டபோது கடைசிச் சதுரம் சாய்ந்துதான் நின்றது. கை நடுங்கிவிட்டது என்று நினைத்து, அந்த மூன்றையும் அழித்து, ஊசியை மயிரிழை நகர்த்திக் குத்தினேன். கையைச் சந்தேகப்பட்டேன், கணக்கைச் சந்தேகப்படவில்லை.

இப்போது நீ சொல். தாள் உன்னிடம் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. பெரிய ஸ்கேனர் என்றாய். அந்தத் துளைகள் உன் கண்ணில் படாமல் இருந்திருக்காது. தசமத்தை வெட்டினேன் என்று நீ எழுதியது பொய். அதை என் கையெழுத்தில், என் சாவியால் போட்டிருக்கிறாய். ஆயிரம் கம்ப்யூட்டர்களில் நான் என் தம்பியைக் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், அதுவும் செய்யாத குற்றத்துக்கு. அழிக்கவும் முடியாது.

எதற்காக இப்படிச் செய்தாய்?

அக்கா

&nbsp;

மே 17

அக்கா,

நீ சான்று எழுதக் கிளம்புவாய் என்று நான் நினைத்திருக்க வேண்டும். அங்கேதான் நான் கோட்டைவிட்டேன்.

ஆமாம், பார்த்தேன். ஸ்கேனை நிரலின் படத்துக்கு மேல் வைத்தேன். இருபத்தேழு சதுரம் வரை மயிரிழை பிசகவில்லை. உன் கை அவ்வளவு சுத்தம். கடைசி மூன்று மட்டும் விலகி நின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் துளைகள். கணக்குப் போட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுவரை எனக்கும் ஏன் தோன்றவில்லை என்று கேட்காதே. மூன்று டிகிரி என்று எழுதியிருந்தது நீ. நீ எழுதியதை நான் ஏன் சோதிக்கப் போகிறேன்?

உடனே உனக்கு எழுத உட்கார்ந்தேன். 'அக்கா, கண்டுபிடித்துவிட்டேன், பிழை உன்னுடையது' என்று எழுதினேன். முப்பது வருஷமாக அந்த வாக்கியத்துக்குக் காத்திருந்தவன் நான். பார்க்க அழகாகக்கூட இருந்தது. அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன். திறப்பு விழாவில் அந்தச் சிரிப்பைக் கேட்டபோது உன் முகம் போன போக்கு நினைவுக்கு வந்தது. கிழித்துவிட்டேன்.

மறுநாள் கூடத்துப் பொறுப்பாளர் வேறு பிடித்துக்கொண்டார். "சார், எல்லாரும் கேக்கிறாங்க. பிழை உங்களுதா, அம்மாவோடதா? ஒரு வரி எழுதி ஒட்டணும்."

"என்னுது" என்றேன்.

"அப்படியே போட்டுடலாமா?"

"போடுங்க."

அவ்வளவுதான் நடந்தது. இரண்டாவது நிரலில் இருபதில் ஒரு பங்கு என்பதையே எடுத்துவிட்டு நேரடியாக மூன்று டிகிரி என்று கொடுத்தேன். நேராக நின்றுவிட்டது. ஆனால் அது உன் விதி இல்லை என்று எனக்குத் தெரியும். உன் பெயரில் உன்னுடையதல்லாத ஒன்றைப் போட்டேன். அதற்கு வேண்டுமானால் திட்டு.

ஆனால் மற்றதற்குத் திட்டாதே. நீ சொன்னபடி செய்தால் குற்றம், சொல்லாமல் செய்தால் குற்றம், உண்மை சொன்னால் உனக்கு அவமானம், பொய் சொன்னால் உனக்குக் கோபம். நான் எந்தப் பக்கம்தான் திரும்புவது? சலித்துவிட்டது. இனி நான் எதையும் பதிவதாக இல்லை. சாவியை ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே வைத்துக்கொள்.

தம்பி

&nbsp;

மே 25

தம்பிக்கு,

சாவியைத் தபாலில் அனுப்புகிற ஒரே நிரலாளன் நீயாகத்தான் இருப்பாய். அறுபத்து நாலு இலக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். பூச்சியம் எது, ஆறு எது என்று தெரியவில்லை. உன் கையெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று பதிந்துவிட்டு, பிறகு சலித்துக்கொள்.

முப்பத்து நாலரையைப் பற்றி. அன்று நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் முடிவு வந்த அன்று நீ பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாய். நான் உன்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்ச் சட்டைகளை மடித்தேன். மார்க் போட முடியாதுதான். பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம். அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. இந்தத் துளைகளைப் பார்த்த நாளிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோடு கோணலாகப் போனபோது எனக்கு நானே ஊசியை நகர்த்திக் கொடுத்திருக்கிறேன், அதுவும் தெரியாமலே.

நீ என்னைக் காப்பாற்ற நினைத்தது புரிகிறது. அத்தானும் அதைத்தான் சொல்கிறார். "அவன் பாசத்தில செஞ்சதுக்கு இவ்வளவு ஆட்டமா?" என்கிறார். பாசம் இருக்கட்டும். ஆனால் ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒரு பெண் இந்தப் பதிவேட்டைத் திறந்து, கணக்குப் போட்டுப் பார்த்து, முதல் நிரல் சரியாக இருக்க ஏன் பிழை என்று எழுதியிருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறாள். அவளுக்கு நாம் அப்படிச் செய்யக் கூடாது.

கீழே இருப்பதை அப்படியே பதி. ஒரு எழுத்தும் மாற்றாதே.

'கால் சுற்று. விதி: பக்கத்தில் இருபதில் ஒரு பங்கு, முப்பது முறை. இந்த விதிப்படி முப்பதாவது சதுரம் நேராக நிற்காது. 0.38 டிகிரி சாயும். நேராக நிற்கும் என்று சரிபார்க்காமல் எழுதியது என் தவறு. என் தாளில் அது நேராக நிற்பது நான் ஊசியை நகர்த்தியதால். முதல் பதிவின் நிரல் சரியானது. இரண்டாவது பதிவில் உள்ள படம் என் விதியிலிருந்து வந்ததல்ல. பிழை நிரலாளருடையது என்று அதில் இருப்பது பொய். அதைச் சொன்னவர் என் தம்பி. இதையும் பதிபவர் அவரே.'

அக்கா

&nbsp;

ஜூன் 8

அக்கா,

பதிந்துவிட்டேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. 'பொய்' என்ற இடத்தில் கை கொஞ்சம் நின்றது. 'தவறான தகவல்' என்று போட்டால் என்ன என்று தோன்றியது. நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன். 'அவன்' என்று எழுதாமல் 'அவர்' என்று போட்டிருந்தாய். எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது, நீ என்னை 'அவர்' என்றது இதுதான் முதல் தடவை. அதுவும் இந்த வாக்கியத்தில்.

கூடத்தில்தான் நினைத்தபடி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது பதிவைக் காட்டி, பெரிய திரையில் இனி முதல் படம்தான் ஓடவேண்டும் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன்.

"அதெப்படி சார்? நேரா இருக்கிறதைத்தான் ஜனங்களுக்குப் பிடிக்குது. சுவரொட்டியும் அதுலதான் அடிச்சிருக்கோம்" என்றார்.

"அது அவங்க விதி இல்லைங்க."

"யாருக்கு சார் தெரியப்போகுது?"

"அவங்களே எழுதியிருக்காங்க, படிங்க."

படித்தார். இரண்டு முறை படித்தார். "இப்படியெல்லாமா எழுதி ஒட்டுவாங்க?" என்று என்னையே கேட்டார். முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியும் பெரிய திரையை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், கழிவறைக்குப் போகிற நடையில் சும்மா கிடந்த சின்னத் திரையைக் கொடுத்தார். உன் உண்மையான படம் இப்போது அங்கே ஓடுகிறது. கீழே உன் குறிப்பு. எனக்கு வந்த எரிச்சலில் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு பெண்கள் கை துடைத்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி குறிப்பைச் சத்தமாகப் படித்தாள். "பொய் சொன்னவர் என் தம்பியாம். இதையும் பதிபவர் அவரேயாம்."

"பாவம்" என்றாள் மற்றவள். "யாருடி?" என்று கேட்டாள் படித்தவள்.

"ரெண்டு பேரும்தான்."

பிறகு இருவரும் திரைக்கு அருகே குனிந்து, உள்சதுரத்தில் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். பெரிய திரை முன்னால் ஒருவர்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அந்தப் பொய்யன் நான்தான் என்று சொல்லவில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

தம்பி

&nbsp;

ஜூன் 13

தம்பிக்கு,

கழிவறை நடையோ வாசலோ, ஓடினால் சரி. பொறுப்பாளரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இப்போது வேறு தலைவலி. ஒன்றைச் சரிபார்க்காமல் எழுதியவள் மற்ற அறுபத்து மூன்றையும் சரிபார்த்தா எழுதியிருப்பேன்? நேற்று நோட்டுகளைப் புரட்டினேன். பதினேழாவதில் இரண்டு வளைவுகள் ஒரே புள்ளியில் தொடும் என்று எழுதியிருக்கிறேன். எதை வைத்து எழுதினேன் என்று தெரியவில்லை. நாற்பத்து நாலாவதிலும் ஓர் 'அதாவது' இருக்கிறது.

புதன்கிழமை காலை வண்டியில் தாள்களோடு வருகிறேன். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. உன் வீட்டில் பெரிய மேஜையைக் காலி பண்ணி வை. அதற்குள் நீ பதினேழைப் பார்க்காமல் இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பார். பார்த்து ஏதாவது தெரிந்தால், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடு.

அக்கா